செங்கல் வளைவு விதானத்தில் விரிசல்: சிமென்ட் பூசலாமா, ஃபேன் மாட்டலாமா?

பார்சிலோனாவில் பழைய ஃபிளாட் வாங்கிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்தால் மர உத்தரங்களுக்கு நடுவே மெல்லிய செங்கல் வளைவுகள். ஒன்றில் விரிசல். இவ்வளவு மெல்லிசான கல் தாங்குமா? சிமென்ட் பூசி ஃபேன் மாட்டலாமா?"

சிமென்ட் மட்டும் வேண்டாம். மற்றதைப் பேசலாம்.

இந்தச் சின்ன வளைவுகளைக் கட்டலான் மொழியில் ரெவொல்தோ என்பார்கள். இதே மரபில் பெரிய வளைவு கட்டும்போது, தட்டோடு கனமே உள்ள கல்லின் விளிம்பில் ஜிப்சம் தடவி, முன்பு வைத்த கல்லோடு ஒட்டி, கொத்தனார் சில நொடி கையால் பிடித்திருப்பார், அவ்வளவுதான், கையை எடுத்தால் கல் அந்தரத்தில் நிற்கும், சென்ட்ரிங் தேவையில்லை. அதன்மேல் மூட்டுக்கு மூட்டு நேராக வராதபடி அடுத்த அடுக்கு. வலேன்சியாவில் பிறந்த கட்டடக் கலைஞர் ரஃபேல் குவாஸ்தவினோ 1881-இல் இதை நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அங்கே குடியேற வந்தவர்களைப் பதிவு செய்த எல்லிஸ் தீவு மண்டபத்தில் அவருடைய நிறுவனம் 1918-இல் கட்டிய விதானத்தை 1980-களில் பழுதுபார்த்தபோது, 28,000-க்கும் அதிகமான ஓடுகளில் மாற்ற வேண்டியிருந்தது வெறும் 17! வளைந்த வடிவம்தான் பாரத்தைச் சுமக்கிறது, அதனால் கனத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. ஜிப்சம் நனைந்தால் இளகும், உத்தரம் நனைந்தால் உளுக்கும். குளியலறை, சமையலறை, பால்கனிப் பக்கம் சுவருக்குள் போகும் உத்தர முனைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், பொதபொதவென்று இறங்கினால் வேலையை நிறுத்திவிட்டு கட்டட நிபுணரைக் கூப்பிடுங்கள். விரிசலின் இரு பக்கமும் மேலும் கீழுமாக நின்றாலும், கல் தொங்கினாலும் அப்படியே. தூசி படிந்த மயிரிழை விரிசல் என்றால், குறுக்கே ஒரு ஜிப்சம் பொட்டு வைத்துப் பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுங்கள், சில மாதம் கழித்துப் பொட்டு வெடித்திருந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

அப்புறம், குழாய் போக வழி வேண்டும் என்று ஒரு வளைவை உடைத்துவிடாதீர்கள். பக்கத்துப் பக்கத்து வளைவுகள் ஒன்றையொன்று தள்ளித்தான் சமநிலையில் நிற்கின்றன, நடுவில் ஒன்று போனால் உத்தரம் அந்தப் பக்கம் சாயப் பார்க்கும்.

ஃபேன் கொக்கியை நல்ல உத்தரத்தில் மாட்டுங்கள், கல்லில் துளை போட வேண்டாம். சாந்து உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்புச் சாந்து போதும். சிமென்ட் ஓதத்தை உள்ளேயே அடைத்துவிடும், பின்னால் கழற்றும்போது கல்லையும் பெயர்த்துக்கொண்டு வரும். கல்லைச் சுத்தம் செய்ய சாண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாக அடிப்பது) செய்தால் கல்லின் வெந்த மேல்தோல் போய்விடும், பிரஷ்ஷால் தேய்த்தால் போதும், நேரம் பிடிக்கும்தான்.

இந்த வளைவின் முதுகில்தான் மாடிவீட்டின் தரை இருக்கிறது, கட்டுமானமும் எல்லா உரிமையாளர்களுக்கும் பொது. எதையும் தொடுவதற்கு முன் மேலே போய், குளியலறைக் குழாய் எப்போதாவது ஒழுகியதா என்று கேட்டுவிடுங்கள்.