ஹாட் ராட், கஸ்டம், லோரைடர்: என்ன வித்தியாசம்?

மாற்றிக் கட்டிய பழைய அமெரிக்கக் கார் எதுவானாலும் ஹாட் ராட் என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லக் கூடாது. எதற்காக மாற்றினார்கள் என்று பாருங்கள், பெயர் தானாக வந்துவிடும்.

ஹாட் ராட் வேகத்துக்காகப் பிறந்தது. 1932-இல் ஃபோர்டு சாதாரண மக்கள் வாங்கும் விலையில் வி8 என்ற எட்டு சிலிண்டர் எஞ்சின் வைத்த காரைக் கொடுத்தது. கலிஃபோர்னியா இளைஞர்கள் அந்தக் காரில் மட்கார்டு, பம்பர் என்று கனமானதையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, வறண்ட ஏரிப் படுகைகளில் விரட்டினார்கள்.

கஸ்டம் காருக்கு அழகுதான் முக்கியம். 1949 மெர்குரி காரை எடுத்துக்கொள்ளுங்கள். கூரையைத் தாங்கும் தூண்களில் சில அங்குலம் அறுத்தெடுத்து, கூரையை இறக்கிப் பற்றவைப்பார்கள். அப்புறம் ஒட்டு தெரியாமல் இருக்க ஈயத்தை இளக்கி, மரத்துடுப்பால் தடவிப் பரப்பி, அரத்தால் ராவுவார்கள். ஜன்னல்கள் குறுகி, கார் கண்ணை இடுக்கிப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். எனக்கு இந்த வகை மேல்தான் உயிர்!

லோரைடர் மெக்சிக அமெரிக்கர்கள் வளர்த்தது. தரையோடு தரையாக, மெதுவாகப் போக வேண்டும். 1950-களின் கடைசியில், சக்கர ரிம்முக்குக் கீழே பாடி இறங்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது. உடனே ஹைட்ராலிக் பம்ப் வைத்தார்கள். போலீசைக் கண்டால் சுவிட்சைத் தட்டிக் காரை உயர்த்திக்கொண்டார்கள். செவர்லே இம்பாலாதான் இவர்களுக்குச் செல்லம்.

வெளியே பழைய தோற்றம் அப்படியே, உள்ளே புது எஞ்சின், டிஸ்க் பிரேக், ஏசி என்றால் அது ரெஸ்டோமாட். தினமும் ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கு அதுவே சரி.