தேங்காய் எழும்பின இடத்திலை கிணறு அடிக்கலாமோ?

வவுனியா ஓமந்தைக் காணியிலை, நிலத்தடித் தண்ணி பார்க்கிறவர் உள்ளங்கையிலை வைச்சுக்கொண்டு நடந்த தேங்காய் எழும்பி நிண்ட இடத்திலேயே குழாய்க்கிணறு அடிக்கலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள்; அவர் பார்த்த பத்துக் கிணறும் சரிவந்ததாம். பிழைச்சது எத்தனை எண்டு கேட்டீங்களோ? தண்ணி வந்தால் ஊரே கதைக்கும். வராத குழியை மூடிப்போட்டுப் பேசாமல் இருந்திடுவினம். தேங்காய் எழும்புறது ஏமாத்து இல்லை, கை தன்னை அறியாமல் அசையும்.

அவர் குறிச்ச இடத்தை நீங்கள் மட்டும் அளந்து வைச்சுக்கொண்டு அதிலை அடிச்ச அடையாளக் கட்டையைப் பிடுங்குங்கோ. கண்ணைக் கட்டி, வேற வேற பக்கத்தாலை மூண்டுதரம் நடக்க விடுங்கோ. மூண்டும் மூண்டு இடமெண்டால் காசு கட்டாதேங்கோ.

வவுனியாப் பக்கம் கடும்பாறை. ஆழத்திலை தண்ணி வெடிப்புகளிலைதான். நீர்வளச் சபையிட்டை நிலத்துக்குள்ளை மின்சாரம் விட்டுத் தண்ணி இருக்கக்கூடிய இடத்தைக் கணிக்கிற மின்தடை அளவை செய்யச்சொல்லிக் கேளுங்கோ. அயல்கிணறுகளை ஆவணி, புரட்டாதியிலை எட்டிப் பாருங்கோ. மார்கழியிலை எல்லாக் கிணறும் நிறைஞ்சுதான் கிடக்கும்.