மௌன ஜெபத்துக்குக் குழு எதற்கு? தனியாக உட்கார்ந்தால் போதாதா?

தனியாகவும் உட்காரத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலோர் பாதியில் விட்டுவிடுவதும் தனியாக இருக்கும்போதுதான்.

1970களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பென்சர் மடத்து டிராப்பிஸ்ட் (ஒரு கத்தோலிக்கத் துறவற சபை) துறவிகள் தாமஸ் கீட்டிங், வில்லியம் மெனிங்கர், பாசில் பென்னிங்டன் ஆகியோர் வகுத்த 'சென்டரிங் பிரேயர்' என்ற மௌன ஜெப முறை எளிது. 'இயேசு', 'அப்பா' போல ஒரு சிறு சொல்லைத் தேர்ந்துகொண்டு, கண்மூடி 20 நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. எண்ணம் இழுத்துப் போனால் அந்தச் சொல்லுக்கு மெல்லத் திரும்புவது, அவ்வளவுதான். எண்ணத்தோடு மல்லுக்கட்டக் கூடாது. (பெனடிக்டின் துறவி ஜான் மெயின் வழியில் 'மாரநாதா' ('ஆண்டவரே, வாரும்') என்று விடாமல் மனதுக்குள் சொல்வார்கள், அது வேறு முறை.)

ஏழாவது நிமிடத்திலேயே மனம் நாளைய வேலைக்கு ஓடிவிடும். தனியாக இருந்தால் கை போனுக்குப் போகும். பக்கத்து நாற்காலியில் ஒருவர் நிதானமாக மூச்சுவிடுவது காதில் விழுந்தால் எழ மனம் வராது. மணி அடித்துக் கண்திறந்ததும், "இன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை" என்று பல வருடம் பழகியவரே சொல்வார். அது எவ்வளவு ஆறுதல்!

ஒன்று மட்டும்: மௌனத்தில் பழைய காயங்கள் மேலே வரலாம். அதை எல்லோர் முன்னும் கொட்டச் சொல்லி வற்புறுத்துகிற, அனுபவத்துக்கு மார்க் போடுகிற குழுவாக இருந்தால் யோசிக்காமல் விலகிவிடுங்கள்.