பிரான்சின் கனால் து மிதி கால்வாயில் படகை நாமே ஓட்ட லைசென்ஸ் வேண்டுமா?

காட்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வாடகைப் படகுக்கு லைசென்ஸ் வேண்டாம். கொடுக்கும்போதே ஓட்டக் காட்டித் தருவார்கள். வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர்தான், கரையில் போகிற சைக்கிளே முந்திவிடும்.

சிரமம் லாக்கில், அதாவது படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கதவு வைத்த தொட்டியில்தான். நம் வேலூர்க் கோட்டை அகழி போல ஒரே மட்டத் தண்ணீர் இல்லை இது. 1681இல் முடித்த கால்வாய், துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் வரை 240 கிலோமீட்டர், மேடேறி இறங்குகிறது. படகைத் தொட்டிக்குள் விட்டு, கதவை மூடி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ அடுத்த மட்டத்துக்கு மாற்றுவார்கள். அப்போது கயிற்றை இறுக்கிக் கட்டிவிடாதீர்கள், நீர் இறங்கும்போது படகு தொங்கிவிடும். கையில் பிடித்து மெல்ல விடுங்கள். பெசியே நகர் அருகே இப்படித் தொட்டிகள் படிக்கட்டு மாதிரி வரிசையாக இருக்கின்றன.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் லாக்குகளை மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் போகாதீர்கள்.