ஆற்றுப்படுகையில் சிவந்த மண்: செம்மண்ணா, வண்டலா?

கேள்வி: திருக்கோவிலூருக்குக் கிழக்கே தென்பெண்ணையாற்றின் கரையோரம் எனக்கு மூன்று ஏக்கர் படுகை நிலம் உள்ளது. 2024 டிசம்பர் வெள்ளத்தில் அதன்மேல் ஒரு சாண் அளவுக்குப் புதிய மண் படிந்தது. மண் சிவப்பாக இருப்பதால் மேட்டு நிலத்துக்காரர்கள் இதைச் செம்மண் என்கிறார்கள். மண் பரிசோதனை அட்டையில் ‘இருமண்பாடு’ என்று உள்ளது. கிணற்றோரம் வெட்டியபோது மணலும் மண்ணும் மாறி மாறி அடுக்காகத் தெரிந்தன. இடுப்பளவு ஆழத்தில் கருமையான ஒரு பட்டையும் அதில் ஓட்டுச் சில்லுகளும் இருந்தன. இது எந்த வகை மண்? பாதியில் கரும்பும் பாதியில் தென்னையும் வைக்க எண்ணுகிறேன். செம்மண்ணுக்குச் சொல்லும் முறையையே பின்பற்றலாமா?

பதில்: நீங்கள் எழுதியதிலிருந்து பார்த்தால் உங்கள் நிலத்தில் இருப்பது செந்நிற வண்டல். அட்டையில் உள்ள சொல்லும் சரியானதே. இருமண்பாடு என்பது மண்ணின் நயத்தை, அதாவது அதில் மணலும் களியும் கலந்திருக்கும் விகிதத்தைக் குறிப்பது. களி 7 முதல் 27 விழுக்காடு, மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட மாவு போன்ற துகள் 28 முதல் 50 விழுக்காடு, மணல் 52 விழுக்காட்டுக்கு மிகாமல் இருந்தால் அந்தப் பெயர் பொருந்தும். ஆனால் நிறத்தையோ நயத்தையோ மட்டும் கொண்டு மண்ணின் வகையை முடிவு செய்ய முடியாது. அந்த மண் எவ்வாறு உருவாயிற்று என்பதே வகையைத் தீர்மானிக்கிறது. அதற்கான சான்றை நீங்கள் கிணற்றோரத்தில் ஏற்கெனவே கண்டுவிட்டீர்கள்.

முதலில் நிறம். நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் கிரானைட், நைஸ் பாறைகள் சிதைந்து விளைந்த செவ்வல் நிலங்களை அரித்துக்கொண்டு வருகிறது. அத்துகள்களின்மேல் ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால், அவை எங்கே போய்ச் சேர்ந்தாலும் சிவப்பு உடன் வருகிறது. மேட்டு நிலத்துச் செம்மண்ணில் அந்நிறம் நெடுங்காலம் அங்கேயே விளைந்தது. உங்கள் படுகையிலோ அது ஆற்றோடு வந்த நிறம். இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியாது என்பதால்தான் இந்தக் குழப்பம் பல ஆற்றங்கரை ஊர்களில் காணப்படுகிறது.

அமெரிக்க வேளாண்மைத் துறை உருவாக்கி, இந்திய மண் ஆய்வாளர்களும் பின்பற்றும் வகைப்பாட்டு முறையில், இங்கே எதிர்பார்க்கக்கூடிய வகைகள் மூன்று. அடுக்குகள் இன்னும் கலையாமல் மணலும் மண்ணுமாகத் தனித்தனியே தெரிந்தால் அது இளம் மண். என்டிசால் என்னும் பெருவகுப்பில் ஃப்ளூவென்ட் பிரிவைச் சேரும். வேர்களும் மண்புழுக்களும் பல ஆண்டுகள் கிளறி, மேல் அடுக்குகளின் கோடுகள் அழிந்து, குறைந்தது 15 செ.மீ. தடிமனில் மண் கட்டிகளாக உருப்பெற்ற அடுக்கு உண்டாகியிருந்தால் அது இன்செப்டிசால். வெள்ளம் எட்டாத பழைய ஆற்று மேடுகளில், மேலிருந்து களி கீழே இறங்கிக் கட்டிகளின்மேல் பளபளப்பான தோல்போலப் படிந்திருக்கும். அங்கே அது ஆல்ஃபிசால். மேட்டுச் செம்மண்ணில் பெரும்பகுதி இந்த மூன்றாவது வகுப்பைச் சேர்ந்தது.

உங்கள் கிணற்றோரத்தில் தெரிந்த கரும்பட்டையை நான் மிக முக்கியமான தடயமாகக் கருதுகிறேன். ஓட்டுச் சில்லுகளோடு கூடிய அந்தப் பட்டை, ஒரு காலத்தில் மனிதர் நடமாடிய, ஒருவேளை ஏர் ஓடிய மேல்மண்ணாகவே இருக்க வேண்டும். பின்னால் வந்த வெள்ளங்கள் அதைப் புதைத்துவிட்டன. மற்ற நிலங்களில் ஆழம் கூடக்கூடக் கரிமக் கார்பன் ஒழுங்காகக் குறைந்துகொண்டே போகும். ஆற்று வண்டலில் அது குறைந்து, புதைந்த மேல்மண்ணில் மீண்டும் ஏறி, மறுபடியும் இறங்கும். அல்லது 125 செ.மீ. ஆழத்திலும் 0.2 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கும். ஃப்ளூவென்ட் என்று பெயரிடுவதற்கான அளவுகோலே இதுதான். நம் பகுதியின் வறண்ட பருவத்தையும் சேர்த்துச் சொன்னால் உங்கள் மண் அஸ்டிஃப்ளூவென்ட் ஆகலாம். கரும்பட்டைக்கு மேலுள்ள பகுதி நன்கு கட்டிபிடித்திருந்தால் ஃப்ளூவென்டிக் ஹேப்ளஸ்டெப்ட், அதாவது ஆற்று வண்டலின் அடையாளம் மாறாத இன்செப்டிசால் என்றும் ஆகலாம். குழியை நேரில் காணாமல் இவ்விரண்டில் ஒன்றை உறுதி செய்வது முறையாகாது.

நடைமுறையில் உங்களுக்கு இந்தப் பெயரைவிட அந்த அடுக்குகளே முக்கியம். நுண்மண்ணுக்குக் கீழே பருமணல் அடுக்கு இருந்தால், பாய்ச்சிய நீர் எளிதாக வடிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள், நடப்பது வேறு. மேலடுக்கு ஏறத்தாழ முழுவதும் நனையும்வரை நீர் மணலுக்குள் இறங்காமல் எல்லையிலேயே நிற்கும். சிறு பாசனத்தில் இது கரும்புக்கு நன்மை. ஆனால் கனமழையில் வேர்ப்பகுதி மூச்சுவிட முடியாமல் போகலாம், கோடையில் கீழேயுள்ள ஈரம் மணல் அடுக்கைத் தாண்டி மேலே ஏறி வராது. நல்ல இருமண்பாட்டு மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பயிருக்குப் பயன்படும் நீரை ஏறத்தாழ 15 செ.மீ. வரை தேக்கிவைக்கும், மணல் அதில் பாதியளவுகூடத் தேக்காது. எனவே வேர்ப்பகுதியில் மணலின் பங்கு எவ்வளவு என்று அளந்த பிறகே பாசன இடைவெளியை முடிவு செய்யுங்கள். மேட்டு நிலத்தில், கெட்டியான பாறைச் சிதைவு வரை உள்ள மண்கண்டத்தின் ஆழத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் கணக்கு இங்கே பொருந்தாது.

வடிகாலைக் கண்டறிய ஓர் எச்சரிக்கை. மண் நீண்ட நாள் நீரில் மூழ்கிக் காற்றிழந்தால் இரும்பு கரைந்து, சாம்பல் நிறத் திட்டுகள் தோன்றும். ஆனால் ஹெமடைட் எளிதில் கரைவதில்லை. ஆகவே சிவந்த வண்டலில் இந்த அடையாளம் தாமதமாகவே தெரியும். சிவப்பாக இருக்கிறதே என்று நம்பிவிடாமல், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கிணற்றில் நீர் எவ்வளவு மேலே நிற்கிறது என்பதையும் குறித்துவையுங்கள்.

புதிதாகப் படிந்த ஒரு சாண் மண், மணலாக இருந்தால் ஒரு முறையும் நுண்மண்ணாக இருந்தால் வேறு முறையும் கையாளப்பட வேண்டும். நுண்மண்ணாக இருந்து இன்னும் கலக்காமல் கிடந்தால், பதமான ஈரத்தில் ஆழ உழுது பழைய மேல்மண்ணோடு கலந்து, தக்கைப்பூண்டு அல்லது சணப்பு போன்ற பசுந்தாள் உரப்பயிரை விதைத்து மடக்கி உழுங்கள். புதுப்படிவில் கரிமப்பொருள் பெரும்பாலும் குறைவு. பருமணல் என்றால் கலப்பதற்கு முன் கூடியவரை அகற்றுவதே நல்லது.

பழைய அட்டை வெள்ளத்துக்கு முந்தியதானால் அதை ஒதுக்கிவிட்டு மீண்டும் மாதிரி எடுங்கள். கரும்புக்கு 22 செ.மீ. ஆழம் வரை எடுத்தால் போதும். தென்னைக்கு 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக எடுத்து, ஒன்றோடொன்று கலக்காமல் அனுப்ப வேண்டும். தழைச்சத்து இலேசான மண்ணில் எளிதில் கீழிறங்கிவிடும் என்பதால், கரும்புக்கு நட்ட 30, 60, 90 ஆம் நாட்களில் பிரித்து இடுவதை இந்த நிலத்தில் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். மணிச்சத்தைப் பரிசோதனை முடிவு வந்த பிறகு இடலாம்.

தென்னைக்கு எப்படியும் மூன்றடி நீள, அகல, ஆழக் குழிகள் எடுப்பீர்கள். அவற்றில் நிலத்தின் இரு கோடிகளிலும் நடுவிலும் உள்ள மூன்று குழிகளை மட்டும் சித்திரையில், நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது, ஐந்தடி வரை ஆழப்படுத்தி அடுக்குகளைப் பாருங்கள். ஆற்றுப்படுகையில் ஐம்பது அடி தள்ளினாலே அடுக்கு மாறிவிடும். வேர்ப்பகுதியில் ஓரடிக்கு மேல் தடிமனான பருமணல் உள்ள பக்கத்தில் தென்னையைத் தவிர்த்துக் கரும்பை வையுங்கள். நுண்மண் தொடர்ந்து இறங்கும் பக்கமே தென்னைக்கு உரியது.