லோக்கல் முகவரியை ரிட்டர்ன் பண்ணா கம்பைலர் ஏன் கத்துது? கேள்வி பதில்

சி மொழி படிக்கிற நம்ம வடசென்னைப் பசங்க அனுப்பின கேள்விகள்ல நிறைய ஒரே வார்னிங்கைப் பத்தி. ஃபங்ஷன் தன்னோட லோக்கல் வேரியபிளின் முகவரியை ரிட்டர்ன் பண்ணும்போது ஜிசிசி, க்ளாங்ங்கிற ரெண்டு சி கம்பைலரும் குடுக்கிற வார்னிங் அது. இன்னிக்கு அதையே எடுத்துக்கிட்டேன்.

வியாசர்பாடி, பாலிடெக்னிக் மாணவர்: அண்ணா, பேரை வாங்கி முன்னாடி 'திரு' சேர்த்து ரிட்டர்ன் பண்ற ஃபங்ஷன் எழுதினேன். உள்ளே ஒரு கேரக்டர் அரே. க்ளாங் வார்னிங் குடுத்துச்சு, ஆனா நேத்து வரைக்கும் சரியா வந்துச்சு. இன்னிக்கு குப்பையா வருது. அந்த ஃபங்ஷனை நான் தொடவே இல்ல.

தம்பி, அந்த அரே இருக்கிறது ஸ்டாக்ல, அதாவது ஃபங்ஷன் ஓடுற வரைக்கும் அதோட லோக்கல் வேரியபிளுக்குக் குடுக்கிற மெமரி இடத்துல. ஃபங்ஷன் முடிஞ்சா அந்த இடத்தை யாரும் துடைச்சு வைக்கிறதில்ல, அடுத்து கூப்பிடுற ஃபங்ஷனுக்கு அதே இடம் போயிடும். காசிமேட்டு ஏலத்துல ஒரு படகு மீன் வித்துப் போனதும் அதே தரையில அடுத்த படகு மீனைக் கொட்டுவாங்க இல்ல, அது மாதிரி. நடுவுல யாரும் கொட்டாத வரைக்கும் உன் எழுத்து அப்படியே கிடக்கும். நேத்து அதுதான் நடந்திருக்கு. பிரின்ட்எஃப்பும் ஒரு ஃபங்ஷன்தானே, அதுவே உன் பேர் மேல எழுதிடலாம். இதே கோடை ஜிசிசில போட்டா, அது பல சமயம் அந்த முகவரிக்குப் பதிலா நல் பாயின்டரையே (எதையும் காட்டாத வெத்து முகவரி) திருப்பிக் குடுத்துடும், உடனே கிராஷ் ஆகும். எனக்குக் கேட்டா அதுதான் நல்லது, தப்பு அன்னிக்கே தெரியும்.

சரி பண்ண, அரேவைக் கூப்பிடுறவன் கையில வை. மெயின்ல அரேவை டிக்ளேர் பண்ணி, அதையும் அதோட சைஸையும் ஃபங்ஷனுக்கு அனுப்பு. உள்ளே, குடுத்த சைஸைத் தாண்டாம எழுதுற எஸ்என்பிரின்ட்எஃப் ஃபங்ஷனைப் போட்டு எழுது. சைஸைக் கணக்கு பண்ற சைஸ்ஆஃப்பை மெயின்லயே போட்டுடு. ஃபங்ஷனுக்குள்ள போட்டா அரே சைஸ் வராது, பாயின்டர் சைஸ்தான் வரும். 64 பிட் மெஷின்ல அது 8.

தண்டையார்பேட்டை, பொறியியல் மாணவர்: நடுவுல ஒரு பாயின்டர்ல போட்டு அதை ரிட்டர்ன் பண்ணேன், ஜிசிசில வார்னிங் போயிடுச்சுண்ணா.

போனது வார்னிங் மட்டும்தான் தம்பி, தப்பு அங்கேயேதான் இருக்கு. ஆப்டிமைசேஷன், அதாவது கோடை வேகமாக்குற வேலை, இல்லாம ஜிசிசி அவ்வளவு தூரம் தேடிப் பார்க்காது. அதை ஆன் பண்ற மைனஸ் ஓ2 ஆப்ஷன் போட்டு கம்பைல் பண்ணிப் பாரு, திரும்ப வரும். தயவுசெஞ்சு இந்த வழக்கத்தை இப்பவே விட்டுடு.

ராயபுரம், கல்லூரி மாணவி: லோக்கல் அரே முன்னாடி ஸ்டாட்டிக்னு போட்டா போதாதா அண்ணா?

முகவரி கடைசி வரைக்கும் செல்லும்மா. ஆனா இருக்கிறது ஒரே காப்பி. ஒரே பிரின்ட்எஃப்ல ரெண்டு பேருக்காக ரெண்டு தடவை கூப்பிட்டுப் பாரு, ஒரே பேர் ரெண்டு தடவை வரும். லைப்ரரியில நேரத்தை எழுத்தா குடுக்கிற சிடைம், அஸ்கிடைம் ரெண்டுக்கும் இதே தொந்தரவு உண்டு. ஒரே புரோகிராம்ல பல வேலை ஒரே நேரத்துல ஓடுற த்ரெட் வந்துட்டா இன்னும் மோசம்.

திருவொற்றியூர், மாணவர்: டபுள் கோட்ஸ்ல இருக்கிற வாக்கியத்தை அப்படியே ரிட்டர்ன் பண்ணேன், வார்னிங் வரல. தப்பா?

சரிதான். அது ஸ்டாக்ல இல்ல, புரோகிராம் முடியற வரைக்கும் இருக்கும். அதுல எழுத மட்டும் கூடாது, அதனால கான்ஸ்ட்னு போட்டுடு.

பெரம்பூர், வேலையில் இருப்பவர்: ஃபங்ஷனுக்குள்ள மாலோக் போட்டு மெமரி வாங்கி ரிட்டர்ன் பண்ணா, அதை யார் ஃப்ரீ பண்ணி விடணும்?

ஃபங்ஷனைக் கூப்பிட்டு அந்த பாயின்டரை வாங்கிட்டுப் போறவர்தான். அதை ஃபங்ஷனுக்கு மேல கமென்ட்ல எழுதிடுங்க, இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு இன்ட் அல்லது சின்ன ஸ்ட்ரக்ட்னா மாலோக்கே வேண்டாம். மதிப்பையே ரிட்டர்ன் பண்ணுங்க, காப்பி ஆகித்தான் வெளியே வரும்.

மணலி, மென்பொருள் ஊழியர்: பழைய கோட்ல வார்னிங் கொட்டுது. டீம்ல இதை ஆஃப் பண்ணச் சொல்றாங்க.

மத்ததைப் பத்திப் பேசி முடிவு பண்ணலாம், இதை விட்டுக் குடுக்காதீங்க. யூஸ் ஆகாத வேரியபிள் வார்னிங் அழகுக்கு, இது வாடிக்கையாளர் கையில கிராஷ் ஆகிற விஷயம். ஜிசிசில 'ரிட்டர்ன் லோக்கல் ஆடர்', க்ளாங்ல 'ரிட்டர்ன் ஸ்டாக் அட்ரஸ்'ங்கிற வார்னிங் பேரை மட்டும் எடுத்து, வார்னிங்கை எரராக்குற டபிள்யூஎரர் ஆப்ஷன்ல சேருங்க. அந்த ஒண்ணு மட்டும் எரராகி பில்ட் நிக்கும், மத்த வார்னிங் எல்லாம் பழையபடி ஓடும். லோக்கல் முகவரியை குளோபல் பாயின்டர்ல போட்டு வச்ச இடங்களை ஜிசிசி 12லருந்து இருக்கிற 'டேங்லிங் பாயின்டர்' வார்னிங் பிடிக்கும். அதுலயும் தப்பினதை டெஸ்ட் ஓட்டும்போது, மெமரி தப்பைப் பிடிக்கிற அட்ரஸ் சானிடைசர் போட்டுத் தேடுங்க, 'ஸ்டாக் யூஸ் ஆஃப்டர் ரிட்டர்ன்' ஆப்ஷன் ஆன்ல இருக்கான்னும் பாத்துக்குங்க.