நிறுத்தினாலும் எழுந்து வரும் கப்ஸ்

கேள்வி: டெபியன் லினக்ஸ் பயன்படுத்துகிறேன். என்னிடம் பிரிண்டரே கிடையாது. ஆனாலும் பின்னணியில் கப்ஸ் என்றொரு சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டாப் கொடுத்தேன், கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் திரும்பவும் ஓடுகிறது. யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா? எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்யட்டுமா?

பதில்: முதலில் அந்தப் பென்டிரைவைக் கீழே வையுங்கள். கப்ஸ் என்பது பிரிண்ட் வேலைகளைக் கவனிக்கும் சர்வீஸ். டெஸ்க்டாப் போடும்போது பெரும்பாலும் அதுவும் சேர்ந்தே வந்துவிடும். பிரிண்டர் இருக்கிறதா என்றெல்லாம் உங்களைக் கேட்காது.

நீங்கள் ஸ்டாப் கொடுத்தபோது திரையில் ஓர் எச்சரிக்கை வந்திருக்கும். கப்ஸ் சாக்கெட் (மற்ற புரோகிராம்கள் கப்ஸைக் கூப்பிடத் தட்டும் கதவு), கப்ஸ் பாத் இரண்டும் இந்தச் சர்வீஸை மறுபடி கிளப்பிவிடலாம் என்பதுதான் அதன் சாரம். நானும் பல வருஷம் அந்த வரியைப் படித்ததில்லை.

நடப்பது இதுதான். கப்ஸ் தூங்கினாலும் அதன் சாக்கெட்டை, சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி தன் கையில் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஏதாவது ஓர் ஆவணத்தில் நீங்கள் பிரிண்ட் விண்டோவைத் திறந்தால் போதும். ‘என்னென்ன பிரிண்டர் இருக்கு?’ என்று அந்தப் புரோகிராம் சாக்கெட்டைத் தட்டும், சிஸ்டம்டி கப்ஸை எழுப்பிவிடும். கப்ஸ் பாத்தும் ஒரு கோப்பின் மேல் கண் வைத்திருக்கும். அந்தக் கோப்பு இருந்தாலும் சர்வீஸ் கிளம்பும். டெர்மினலில் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கப்ஸ் என்று அடித்துப் பாருங்கள். ‘டிரிக்கர்ட்பை’ என்ற வரியில் எழுப்புகிறவர்களின் பெயர் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, ஸ்டாப் வேறு, டிஸேபிள் வேறு. ஸ்டாப் என்றால் இப்போதைக்கு நிறுத்தம். டிஸேபிள் என்றால் அடுத்த பூட்டில் தானாகத் தொடங்காது, அவ்வளவுதான். இப்போது ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும். டிஸேபிளோடு ‘நவ்’ என்ற ஆப்ஷனையும் சேர்த்து, சர்வீஸ், சாக்கெட், பாத் மூன்றின் பெயரையும் ஒரே வரியில் கொடுங்கள். நெட்வொர்க்கில் பிரிண்டர் தேடும் கப்ஸ் பிரவுஸ்ட் இருந்தால் அதையும் சேருங்கள். கப்ஸ் இல்லாமல் அது ஓடாது. தான் தொடங்கும்போது கப்ஸையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். 2024 செப்டம்பரில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியானதே, அது இந்தப் பிரவுஸ்டில்தான். நெட்வொர்க்கின் யூடிபி 631-ஆம் போர்ட்டில் யார் எதை அனுப்பினாலும் வாங்கிக்கொண்டிருந்தது. பிரிண்டர் இல்லாதவருக்கு அது எதற்கு?

அதற்கும் அடங்கவில்லையென்றால் மாஸ்க். சர்வீஸின் பெயரை டெவ்-நல் என்ற வெற்றுக் கோப்புக்கு லிங்க் போட்டுவிடும். பிறகு யார் தட்டினாலும் எழாது. ஆனால் போட்டதை எங்காவது குறித்து வையுங்கள். நான் ஒருமுறை கப்ஸை மாஸ்க் செய்துவிட்டுச் சுத்தமாக மறந்துபோனேன். பல மாதம் கழித்துப் பிரிண்டர் வாங்கியபோது, அரை நாள் டிரைவரோடு மல்லுக்கட்டி, கப்ஸ் பேக்கேஜை இரண்டு முறை நீக்கித் திரும்பப் போட்டேன். மாஸ்க் லிங்க் இருப்பது செட்டிங்ஸ் கோப்புகள் இருக்கும் எட்ஸி ஃபோல்டரில். ரீஇன்ஸ்டால் அதைத் தொடாது. கடைசியில் ஸ்டேட்டஸ் பார்த்தால் ‘மாஸ்க்ட்’ என்று இருக்கிறது. செய்தது நானேதான், யாரைத் திட்ட?

ஊடுருவல் பயம் இன்னும் போகவில்லையா? ஸ்டேட்டஸில் மெயின் பிஐடி என்ற எண்ணின் பக்கத்தில் ஓடும் புரோகிராமின் பெயர் இருக்கும். அந்தக் கோப்பின் முழுப் பாதையைக் கண்டுபிடித்து டிபிகேஜி -எஸ் போட்டுக் கேளுங்கள் (எஸ் பெரிய எழுத்து). எந்தப் பேக்கேஜ் கொண்டுவந்தது என்று சொல்லும். எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லாத கோப்பு, அதுவும் டெம்ப் ஃபோல்டரிலிருந்து ஓடினால், அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: தேவையில்லாத சர்வீஸ்களின் பட்டியல் தர முடியுமா? மொத்தமாக நிறுத்திவிடுகிறேன்.

பதில்: மாட்டேன். புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேச உதவும் டிபஸ்ஸையும், லாகினைக் கவனிக்கும் லாகின்டியையும் ‘இது எதுக்கு’ என்று நிறுத்திவிட்டு, டெஸ்க்டாப்புக்குள் போகவே முடியாமல் நிற்பீர்கள். புளூடூத்தில் எதையும் இணைப்பதில்லையா? அதை டிஸேபிள் செய்யுங்கள், இரண்டு நாள் பாருங்கள். அப்புறம் அடுத்தது.